துட்டி கேட்க வந்தவள்

செல்லமாக வளர்த்த நாய் செவலையை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டுப் பிரம்மநாயகி அழுதுகொண்டிருந்தாள். துட்டி கேட்க முதலில் வந்தவள் அடுத்த வீட்டுச் சுடலைவடிவு. அவள் அந்த வீட்டுப் படியேறியது அன்றுதான்.

“அழாதீகக்கா. ஏசிட்டோமேன்னுதான மருகுதீக?”

பிரம்மநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

“தெனமும் காலையில மதில்கிட்ட நின்னு, ‘நேத்து தெருவுல கெடந்தது, இன்னைக்குப் பவுசப் பாரு’ன்னு அத ஏசுவீகள்லா. வாயில்லாச் சீவன் என்ன பவுசு பண்ணிச்சோ, பாவம். நீங்க உள்ள போனதும் கூப்பிட்டு ரெண்டு வாய் கருவாட்டுச் சோறு வைப்பேன்.”

“எங்க செவலைக்குக் கருவாடா?”

“நல்லாத் திங்கும். ‘அக்கா மனசுல ஒண்ணுமில்லலே, வெசனப்படாத’ன்னு தடவிக் குடுப்பேன். அது எதையும் மனசுல வச்சுக்கிட்டுப் போகலக்கா.”

பிரம்மநாயகியின் தலை தாழ்ந்தது, அதன்பின் நிமிரவில்லை.

செவலையை அவள் ஒருநாளும் ஏசியதில்லை. நாயை முன்னால் நிறுத்தி அவள் சொன்ன சொற்கள் அனைத்தும், வாய்க்கால் கரைக் குடிசையிலிருந்து வந்து, தன் வீட்டுக்குச் சமமாக மாடி எழுப்பிய சுடலைவடிவின் காதில் விழ வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டவை.