வெள்ளிக்கிழமை முசே

"சீக்கிரம் கெளம்புங்க முசே. எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்."

கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தது தம்பி பெண்டாட்டி கமலாம்பாளின் குரல். கூடத்தில் நின்ற திரிபுரசுந்தரி அர்ச்சனைக் கூடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். மழை பிடித்துக்கொண்டதால், வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற கோயிலுக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பி வந்திருந்தாள்.

கண் வைத்தியத்துக்காகத் திருநள்ளாற்றிலிருந்து தலத்தெருவுக்கு, தம்பி உத்திராபதி வீட்டுக்கு, அவள் வந்து மூன்று வாரமாகிறது. கண்தான் மங்கலே தவிர, காது பாம்புக் காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு கெடக்குறாரு முசே. இருபது வருஷத்துல நான் கட்டியிருக்கிற சீலை என்ன கலருன்னு ஒரு நாளாவது பாத்திருப்பாரா?"

ஓர் ஆண் குரல் மூக்கால் ஏதோ முனகியது. அதற்கு இவள் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. மகளைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை எடுத்தவள் சிரிக்கிற சிரிப்பா அது? பிறகு கொல்லைப் படல் சாத்தும் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் வாசல் வழியாக உத்திராபதி வந்தான். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். "காலெல்லாம் சேறு, கழுவிட்டு உள்ள வா" என்று பழக்க தோஷத்தில் அதட்டினாள் அக்கா. கமலாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்து, ஆறிவிடும் என்றாள். அவன் "ம்" என்றான். புருஷன் பெண்டாட்டிக்குள் அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் திரிபுரசுந்தரி. இந்தப் பெண்ணைப் பார்த்து முடித்தவளும் அவளேதான். விஷயம் தெரிந்தால் தம்பி உயிரோடு இருக்கமாட்டான். அவன் காதுக்குப் போகாமலே இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

யார் அந்த முசே? துரைக்குப் பிரெஞ்சில் முசே, துரைசானிக்கு மதாம். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் காரைக்காலில் அந்தப் பட்டத்தோடு இன்னும் நாலு பேர் உலாவிக்கொண்டுதான் இருந்தார்கள். தலத்தெருவில் முசே என்றால் முத்தையன் ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், பெண்டாட்டி செத்தவர், வேட்டிக்கு மேலே கோட்டும் தலையில் தொப்பியும் போடுகிறவர். வேறு ஆதாரம் எதற்கு?

மறுநாள் கடைத்தெருவில் அவர் எதிர்ப்பட்டார். திரிபுரசுந்தரி முறைத்த முறைப்பில் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த சந்தில் புகுந்துகொண்டார். பயம் இருக்காதா பின்னே.

வீட்டில் சாடைமாடையாகவும் பேசிப் பார்த்தாள். எங்கோ ஒருத்தி கெட்டுப்போன கதை ஒன்றை இட்டுக்கட்டிச் சொன்னாள். கமலாம்பாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, பாவம் அந்தப் புருஷன் என்றாள். என்ன நெஞ்சழுத்தம்!

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏண்டா, பெண்டாட்டியோட நாலு வார்த்தை சிரிச்சுப் பேசினா வாய் தேஞ்சா போயிடும்?"

அவன் கமலாம்பாளை ஒரு பார்வை பார்த்தான். "எனக்கு அதெல்லாம் வராதுக்கா" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கமலாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகம் கழுவிப் பவுடர் போட்டாள். கத்தரிப்பூக் கலரில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். கோயிலுக்குப் போகலையா அண்ணி என்று இரண்டு தரம் விசாரித்தாள்.

இதோ போகிறேன் என்று வாசல் வழியே இறங்கிய திரிபுரசுந்தரி, பக்கத்துச் சந்தால் சுற்றி வந்து, கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்திலேயே மாட்டுத் தொட்டி. அதில் புளித்துப்போன கழுநீர் இருந்தது. ஒரு வாளி நிறைய மொண்டு வைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் படல் திறந்தது. கோட்டுப் போட்ட உருவம் ஒன்று, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. கொல்லைக் கதவை மெல்லத் தட்டியது.

"போன்சுவார், மதாம்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. "வாங்க முசே. இன்னைக்கு என்ன கலரு, பாத்துச் சொல்லுங்க."

"கத்தரிப்பூ" என்றது மூக்குக் குரல். "கட்டினவங்கதான் அதைவிட அழகு."

அதற்குமேல் திரிபுரசுந்தரியால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாளிக் கழுநீரும் முழுசாக முசேயின் தலையில் இறங்கியது. தொப்பி கிணற்றடிவரை உருண்டு போயிற்று.

"என் தம்பி குடியைக் கெடுக்கவா வந்தே" என்று கோட்டுக் காலரைப் பிடித்துத் திருப்பினாள்.

மூஞ்சியெல்லாம் சோற்றுப் பருக்கையோடு நின்றவன் உத்திராபதி.

ஓடி வந்த கமலாம்பாள் நாத்தனாரைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாற்பது வயசுக்காரிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. காலரைப் பிடித்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் திரிபுரசுந்தரி நின்றாள்.

உத்திராபதி பெண்டாட்டியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வழிகிற தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அதே மூக்குக் குரலில் பணிவாகச் சொன்னான்.

"இவங்க புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மதாம்."