எஸ்தரின் காது

ஆர்கன் பக்கம் திரும்பிவிடக் கூடாதென்று எஸ்தர் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

கணவரின் நினைவு ஆராதனை. கோவில் நிறைந்திருந்தது.

"மீசை முளைக்கதுக்கு முன்னாடியே இந்த ஆர்கன்ல உக்காந்தவர் நம்ம ஞானையா அண்ணன்" என்றார் சபைப் போதகரான ஐயர். "கல்யாணத்தன்னைக்கும் விடல."

சபை மெல்லச் சிரித்தது.

உண்மைதான். தாலி கட்டி முடிந்திருந்தது. யாரோ ஆர்கனில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு போய், அந்த ஆளை எழுப்பிவிட்டுத் தானே வாசித்தார். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

பின்னாலேயே இசை வந்தது. அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையிலும் விரல்கள் ஓடும். ரசம் சிந்தும். மகளுக்குத் தொட்டில் ஆட்டினால் அதற்கும் ஒரு தாளம்.

பிறகு அவருக்குக் காது போனது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு ஒரு பக்கம் போகும், ஆர்கன் ஒரு பக்கம் போகும். ஒரு ஈஸ்டர் அன்று பாடகர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அது தெரியாமல் அவர் மட்டும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் அவள் ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"இனி அவுக வாசிக்க வேண்டாம்யா. நாஞ் சொன்னேன்னு தெரிய வேண்டாம். கமிட்டி முடிவுன்னு சொல்லிருங்க."

அவருக்காகத்தான் போனாளா, அந்தச் சிரிப்பு தன் முதுகில் விழுந்ததாலா? இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

ஆர்கன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் கமிட்டியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சாதாரணமாக, மைக் கரகரத்தாலே கமிட்டியைத் திட்டுகிறவர்.

ஆராதனை முடிந்தது. கூட்டம் கலைந்ததும் ஐயர் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு அண்ணங்கிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வந்து சொன்னதை எழுதிக் காட்டிட்டேன்."

அவள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக என்ன சொன்னாக?"

"'எஸ்தர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவளுக்கு நல்ல காது'ன்னாரு. 'எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீங்க'ன்னும் சொன்னாரு."

மகள் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

சாவியைக் கொடுத்த பிறகு, அவர் இருந்தவரை, ஒவ்வொரு ஞாயிறும் கோவிலிலிருந்து திரும்பும் வழியில் வேப்பமரத்தடியில் நிற்பார். குனிந்து, அவள் வாயருகே காதைக் கொண்டுவருவார்.

"இன்னைக்கு டீச்சர் எப்படி வாசிச்சா?"

"நல்லாவே இல்ல. உங்க கை யாருக்கு வரும்?"

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

"அப்படியா" என்பார். அப்புறம் வீடு வரும்வரை பேச மாட்டார்.

அவருக்குப் பின் வந்த ஜெமிமா டீச்சர் அருமையாக வாசித்தாள். சில ஞாயிறுகளில் எஸ்தருக்குக் கண் நிறைந்துவிடும்.

அதை அவள் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.