பெரிய கங்காணியின் கல்லறை

"உங்க தாத்தாவுக்கெல்லாம் இப்படி ஒரு கல்லறை இருக்கா லா?"

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் புவனேஸ்வரன் இதைக் கேட்காத நாளில்லை. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை மேய்த்த பெரிய கங்காணியின் பேரன் என்று சொல்லியே வருஷா வருஷம் கோயிலில் முதல் மாலையை வாங்கிக்கொள்கிறவர். கோயில் செயலாளர் மோகனாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

திருவிழாவுக்குக் கல்லறை பளிச்சென்று இருக்க வேண்டுமாம். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் லாரியைப் போர்ட் டிக்சன் நகரிலிருந்து வரவழைத்திருந்தார். கல்லறை நிழலில் படுத்திருந்த தெருநாயைச் செருப்பால் அடித்து விரட்டினார்.

"சீ, போ! கங்காணி படுத்திருக்கிற இடம்!"

லாரிக்கார உசைர் குழாயைத் திருப்பினான். எண்பது வருஷத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து, கல்லில் வெட்டிய ஆங்கில எழுத்துகள் தெரிந்தன.

"பாத்தீங்களா, தாத்தா பேரு! கண்ணாடி கொண்டாரல தம்பி, நீ சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்!"

"படிக்கணுமாண்ணே?"

"படி லா!"

"டைகர். வெள்ளைக்காரத் துரை ஆசையா வளர்த்த நாய். செத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு."

பக்கத்திலிருந்த மோகனா, தூரத்தில் நின்ற தெருநாயைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"வாய்யா, பெரிய கங்காணி பேரா! இந்த வருஷம் முதல் மாலை உனக்குத்தான்."