பாலில் ஊறிய பிரட்

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மடியில் சின்னவள். நாலு வயது முடிந்தும் இடுப்பில் வைத்தால் கனமே தெரியாது. ஓயாத பேதி. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் போதும், யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டிவிடும்.

பூச்சி என்றார்கள், பல் முளைக்கிறது என்றார்கள், தண்ணீர் சேரவில்லை என்றார்கள். ஆளுக்கொரு மருந்து. பிள்ளை தங்குமா என்ற பயத்தில் அவள் ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சீலியாக் என்று ஒரு நோயாம். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்று இவள் குடலுக்கு ஆகவே ஆகாதாம். உள்ளே போகப் போகக் குடல் கெட்டுக்கொண்டே வரும். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அதை நிறுத்திவிட்டால் பிள்ளை தேறிவிடும். ஆனால் ஆயுசு முழுக்க நிறுத்த வேண்டும்.

அவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

புருஷன் எலக்ட்ரீஷியன். மெயினை அணைக்காமல் இத்தனை நாளும் பல்பை மாற்றிக்கொண்டிருந்தோம் என்று அவன் சொன்னதற்கு டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

கோதுமை, மைதா, ரவை, பார்லி கூடாது. பிஸ்கட், கேக், நூடுல்ஸ், பிரட் கூடாது. மாவு சலித்த சல்லடைகூட இவள் பக்கம் வரக்கூடாது. பாத்திரம் தனி, கரண்டி தனி. அவள் தையல்காரி, ஒருதரம் காதில் விழுந்த அளவு மறக்காது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அவர் முடிப்பதற்குள், இவள் ஒருத்திதான் என்றான் புருஷன். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அவளுடைய தலையாட்டல் நின்றிருந்தது.

“பிரட்டோட ஓரத்தையெல்லாம் எடுத்துட்டு, பால்ல நல்லா ஊறவெச்சுக் குடுத்தாக்கூட ஆகாதா டாக்டர்?”

பேரம் பேசுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது.

“எப்படிக் குடுத்தாலும் விஷம்தாம்மா. பிள்ளை பொழைக்கணுமா, வேணாமா?”

பிழைக்க வேண்டும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சின்னவள் நெளிந்தாள். பிடி இறுகியிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பெரியவனுக்கும் இதே பேதிதான். வயிற்றுக்கு லேசாக ஏதாவது கொடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சோற்றையே நிறுத்திவிட்டு, வேளை தவறாமல் பிரட்டை மட்டும் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். கடைசி வாரத்தில் அவன் வேண்டாம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவள் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்தபோதெல்லாம், சாப்பிட்டால்தானே பிழைப்பாய் என்று அழுதுகொண்டே ஊட்டிவிட்டாள்.