ஒரு மூடி மருந்து

"ஒரு மூடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லிக்கொண்டே தொட்டிதோறும் நீலப் புட்டியிலிருந்து கார்பன் மருந்தை ஊற்றுவது ஜெகபர் அலியின் அன்றாட வழக்கம். சுபுஹுத் தொழுகை முடித்து, கூத்தாநல்லூரில் தம் வண்ணமீன் கடையைத் திறந்ததும் அதுதான் முதல் வேலை. நீருக்குள் வளரும் செடிக்கு அந்த நீலப் புட்டியே உயிர் என்பது மஸ்கட்டில் பதினெட்டு ஆண்டுகள் தொட்டிகளைப் பராமரித்து அவர் கற்ற பாடம்.

பன்னிரண்டு தொட்டிகளில் பதினொன்று பச்சைப் பசேலென்று இருந்தன. மூன்றாம் தொட்டியில் மட்டும், நாடாபோல் நீளும் செடி மும்முறை நட்டும் கூழாய்க் கரைந்துபோனது. திருவிடைமருதூர் டாக்டர் ஒருவர் தம் மருத்துவமனை மீன்தொட்டிக்கு அந்தச் செடியைத்தான் கேட்டிருந்தார்.

அதைக் கொண்டுவருபவள் பூவம்மாள். அவளுடைய ஒரு மா நிலத்தின் குறுக்கே எரிவாயுக் குழாய் பதித்திருந்தார்கள். கோட்டையில் ஆட்சி மாறியது, குழாய் மாறவில்லை. மண் அமுங்கி, நெல் விளையாமல் நீர் தேங்கிய பள்ளத்தில் அவள் நாடாச் செடி வளர்த்தாள். அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டுத் தரகர் ரெங்கசாமி நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

அன்றும் ஈரச் சாக்கோடு வந்தவளை, வாடிக்கையாளர் நான்கு பேர் முன்னிலையில் ஜெகபர் அலி தடுத்தார்.

"அழுகல் சரக்கை என் தலையில கட்டாதே. யூரியாவைக் கொட்டி வளர்த்தா தொட்டியில எப்படி நிக்கும்?"

"யூரியாவைக் கண்ணால பார்த்தே நாலு வருஷம் ஆச்சு பாய். பள்ளத்துல நல்லாத்தான் வளருது. இந்த ஒரு தொட்டிக்கு உங்க மருந்தை நிறுத்திப் பாருங்களேன்."

"ஷேக்கு வீட்டுத் தொட்டியையே பார்த்தவனுக்கு நீ பாடம் சொல்றியா?"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். பூவம்மாள் சாக்கை வாசலில் இறக்கினாள். "மாசக் கடைசியில தரகருக்குப் பதில் சொல்லணும். நீங்களும் வாங்கலைன்னா கைநாட்டுதான் பாய்" என்றவள், சாக்கை எடுக்காமலே போய்விட்டாள்.

ஜெகபர் அலி சென்னைக் கடை ஒன்றில் செடிக்குச் சொல்லிவிட்டு, புயலில் கூரையைப் பறிகொடுத்த தங்கைக்கு உதவ வேதாரண்யம் புறப்பட்டார். பார்சல் வந்ததும் நடச் சொல்லி, மருந்து ஊற்றும் முறையை மனைவி கமருன்னிஸாவுக்கு மூடியைக் காட்டி இருமுறை விளக்கினார்.

மாதக் கடைசியில் திரும்பியவர் கண்ணையே நம்பவில்லை. மூன்றாம் தொட்டியில் நாடாக்கள் நீர்மட்டத்தைத் தொட்டு வளைந்து ஆடின. பார்க்க வந்த டாக்டர், இனி மாதந்தோறும் வேண்டும் என்றார்.

"சென்னைச் சரக்கு, மஸ்கட் பக்குவம். ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான் டாக்டர்."

டாக்டரின் கார் தெருமுனை திரும்பும்வரை கமருன்னிஸா காத்திருந்தாள். பிறகு நீலப் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"மூணாந் தொட்டிக்கு இதுல ஒரு சொட்டுகூட ஊத்தலை மச்சான். அன்னைக்குப் பூவம்மா சொன்னது என் காதிலயும் விழுந்துச்சு. சென்னைப் பார்சல் வரவே இல்லை. பூவம்மா விட்டுப் போன சாக்கைத்தான் நட்டேன்."

அன்று மாலை, சிரித்த வாடிக்கையாளர்களில் இருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வயலுக்கு ஓடிய ஜெகபர் அலி, ரெங்கசாமி திறந்து வைத்திருந்த மைப்பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "அழுகல் என் பேச்சுதான் பூவம்மா, உன் செடி இல்லை, விளையறதெல்லாம் இனி என் கடைக்கு, உன் பேரைச் சொல்லியே விப்பேன்."