ராசு சுமந்து வந்த தட்டு

தியாகதுருகம் தங்கதுரைக்குப் பழைய பிரெஞ்சுப் பீங்கான் என்றால் பைத்தியம். எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் தொடங்கப் போகிறது என்று தெரிந்தும், பாண்டிச்சேரியில் பேசிவைத்த தட்டு கைமாறிவிடுமோ என்று பண்ணையாள் ராசுவை அனுப்பினார். வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. கொட்டுகிற மழையில் ராசு தட்டைத் தலையில் சுமந்து நடந்தே வந்தான். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனவன் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவே இல்லை.

தட்டில் ஒரு கீறல் இல்லை. ஆற்றங்கரையில் கதவு சாத்திய ஒரு வீடு, கையால் வரைந்தது. ஆள் யாரும் இல்லாத படம்.

காரியம் முடிந்து ராசுவின் மனைவி கொளஞ்சியம்மாள் வேலைக்கு வந்தாள். தங்கதுரை நடையில் உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

“இன்னா ஆண்டே இது, எங்கூட்டுக்காரரு நனைஞ்சிக்கினு நிக்கிறாரு. உள்ள வரச் சொல்லுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். தட்டில், சாத்திய கதவுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராசு நின்றிருந்தான். அவர் முன்னால் ஆயுசுக்கும் நின்ற மாதிரியே.

தங்கதுரை துடைத்த துணியைக் கீழே வைத்தார். “உள்ள வாடா ராசு” என்றார். அந்த வார்த்தையை அவனிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் தட்டை எடுத்துப் பார்த்தார். வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவன், ஆற்றோரமாக முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். துண்டு தோளில் கிடந்தது.