விட்டவை எங்கே?

“பதில் வந்துச்சா தம்பி?”

கோவளத்து வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த ஜெபகுமாரிடம் அண்ணி பிலோமினா கேட்டாள்.

“இன்னும் இல்ல அண்ணி.”

“அப்டி இன்னாதான் கேட்டுக்கினு கீற?”

“ஒரு பட்டியலை ஃபில்டர் பண்ணா, கம்ப்யூட்டர் எடுத்ததை மட்டுந்தான் காட்டுது. விட்டதையும் தனியா காட்டணும், புரோகிராம் மொழியிலயே மாத்துங்கன்னு எழுதிக்கீறேன்.”

“மீனு பிரிச்சாக்கூட கழிச்சதைத் தனிக் கூடையில போடுவோமே! இது தெரியாதா அவுங்களுக்கு?”

பதில் வந்தது. அந்த மொழியைப் பராமரிக்கும் குழு, நிஜத்தில் நடந்த உதாரணம் ஒன்றைக் கேட்டிருந்தது.

ஜெபகுமார் அடித்தான்: ‘புயலன்று கடலில் இருந்த படகுகளின் பட்டியல். சிக்னல் வராத படகுகளை ஃபில்டர் நீக்கிவிட்டது. மிச்சப் படகுகள் கரை சேர்ந்ததும், எல்லாப் படகும் பத்திரம் என்று திரை காட்டியது. விடுபட்ட மூன்று படகுகளை யாருமே தேடவில்லை.’

எழுதியதை அண்ணிக்குச் சொன்னான். அவள் சுவரில் இருந்த, அந்தப் புயலில் போய்த் திரும்பாத தன் கணவன் சவரியின் படத்தைப் பார்த்தாள். அதன் கீழே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த கேள்வி வந்தது.

“இன்னாவாம்?”

“படகுங்களை நீக்குன அந்த புரோகிராம் வரியை எழுதுன ஆளு யாருன்னு கேக்கறாங்க.”

அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுது தம்பி. அந்தப் பேரு தெரியத்தான் நானும் ஏழு மாசமா காத்துக்கினு கீறேன்.”

வெளியே கடல் இரைந்தது.

ஜெபகுமார் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தான்.